தாழ்ப்பாளைத் தொட்ட நேரம்

"நான் எதையுமே எடுக்கலீங்களே மேடம், அப்பறம் எப்படிங்க திருட்டு?"

குற்றப்பிரிவைப் படித்துக் காட்டியதும் பொங்கியண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஹெப்சிபா பதினோரு வருடமாக இலவச சட்ட உதவி வழக்கறிஞராக இருக்கிறாள். கட்சிக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் அழுதுகொண்டே கேட்பார்கள். இவர் பில்லில் தவறு இருப்பதைக் கடைக்காரரிடம் சுட்டிக்காட்டுகிறவரைப் போலக் கேட்டார்.

"திருட்டுன்னு போடல. கன்னக்களவுன்னு போட்டிருக்காங்க" என்றாள். "திருடற எண்ணத்தோட அடுத்தவங்க வீட்டுக்குள்ள போனாலே போதும். எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒண்ணுதான். சட்டத்துல பத்து வருஷம் வரைக்கும் இடம் இருக்கு."

"நான் கன்னமெல்லாம் வெக்கலீங்க. சுவரு அப்படியேதான இருக்குது."

"சுவரை இடிக்கணும்னு இல்லை. போட்டிருந்த தாழ்ப்பாளை நீக்கினாலே உடைச்சுப் புகுந்ததாத்தான் கணக்கு."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, உள்ளே போன பிறகு அந்த எண்ணம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நல்ல கேள்வி. அப்படியானால் இது வேறு வழக்கு, எதையும் எடுக்காமல் வந்திருந்தால் அநேகமாக வழக்கே இல்லை என்று அவள் விளக்கினாள். தாழ்ப்பாளைத் தொட்ட நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பொங்கியண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவருடைய தொழில். கோவைக்கு மேற்கே, வடவள்ளியைத் தாண்டிய ஒரு குடியிருப்பில் ஸ்ரீதரன் என்பவர் வீட்டில் திங்கட்கிழமை புது ஃபில்டர் மாட்டியிருந்தார். புதன்கிழமை மதியம் பக்கத்து வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக வந்தபோது ஸ்ரீதரன் வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. குழாய் கழன்றுவிட்டது, தன் வேலைதான் சரியில்லை என்று பதறிப்போனார். கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் வரவில்லை. பின்பக்க கிரில் கதவின் கம்பிக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, வெறுமனே சாத்தியிருந்த மரக்கதவைத் தள்ளி உள்ளே போனார். வால்வை மூடினார். வீட்டில் ஆள் இருந்தால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஹாலுக்கு வந்தார்.

ஹாலில் ஒரு கேமரா இருந்தது. சமையலறையில் இல்லை. டீப்பாயின் மேல் திறந்த நகைப்பெட்டியில் ஒரு காசுமாலை கிடந்தது. அதன் முன்னால் பொங்கியண்ணன் நாற்பது விநாடி நின்றதைக் கேமரா பதிவு செய்திருந்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனார். வெளியே வரும்போது பக்கத்து வீட்டு வாட்ச்மேன் பார்த்துவிட்டார். குடும்பம் சாயங்காலம் திரும்பியபோது, வெயில் சூட்டில் சமையலறைத் தரை காய்ந்து, தண்ணீர் கொட்டிய தடமே இல்லாமல் கிடந்தது.

"பார்த்தீங்களா மாலையை?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"பார்த்தேனுங்க. அவ்வளவு பெருசா ஒண்ணை நான் கிட்டத்துல பார்த்ததில்லீங்க. பார்த்துட்டு வந்துட்டேன்."

அவள் அவரை நம்பினாள். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முன்பெல்லாம் ஒருவனுடைய உள்நோக்கத்தை நீதிமன்றம் சூழ்நிலையை வைத்து ஊகிக்கும். கையில் கடப்பாரை இருந்ததா, முகத்தை மூடியிருந்தானா, ஓடினானா என்று பார்ப்பார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு உள்நோக்கச் சோதனை வந்தது. ஜனங்கள் அதை மண்டைப் படம் என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு கருவிக்குள் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, குறிப்பிட்ட கணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நினைவில் என்ன காட்சி, என்ன ஆசை, என்ன பயம் என்பதைக் கருவி படித்துச் சொல்லும். சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் சம்மதிக்காதவரை நீதிபதிகள் பார்க்கும் பார்வை ஒரு மாதிரி இருக்கும் என்பது எல்லா வழக்கறிஞருக்கும் தெரியும்.

ஒன்றும் செய்யாதவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று ஹெப்சிபா நினைத்தாள். ஜாமீன் கிடைத்து அவர் வெளியே வந்ததும் சம்மதிக்கச் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சோதனைக்கு ஆறு வாரம் இருந்தது. கருவிக்குள் படுத்துப் பதறிவிடக் கூடாது என்பதற்காக வாரம் இரண்டு முறை அவரை அலுவலகத்துக்கு வரவழைத்துத் தயார் செய்தாள். கண்ணை மூடச் சொல்வாள். சந்தில் நடந்து வருவதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

"கம்பிக்குள்ள கையை விடறீங்க. தாழ்ப்பாள் கையில படுது. இப்ப மாலையை எடுக்கணும்னு மனசுல எண்ணம் இருக்கா? அவசரப்படாம பாருங்க."

"இல்லீங்க."

"திருடணும்னு?"

"இல்லீங்க மேடம்."

ஐந்தாவது முறையா ஆறாவது முறையா, சரியாக அவளுக்கு நினைவில்லை, பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. இல்லீங்க என்றுதான் சொன்னார். அவர் களைத்திருப்பதாக நினைத்து டீ வரவழைத்தாள்.

சோதனை முடிவு ஒரே பக்கத்தில் வந்தது. தாழ்ப்பாளைத் தொடும் கணத்தில் நகையைக் கவரும் எண்ணம் இருந்தது, உறுதி என்று அதில் இருந்தது. ஹெப்சிபா அந்தத் தாளை நான்கு முறை படித்தாள். தன்னிடம் பொய் சொல்லிவிட்டாரே என்று முதலில் கோபம் வந்தது. அவரிடம் கேட்டபோது அவர் வாதாடவில்லை. வெகு நேரம் யோசித்துவிட்டு, கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

விசாரணை மூன்று நாளில் முடிந்துவிட்டது. வாட்ச்மேனும் ஸ்ரீதரனும் சாட்சி சொன்னார்கள். தண்ணீர் கதையை அரசு வழக்கறிஞர் ஒரு வாக்கியத்தில் ஒதுக்கினார். திங்கட்கிழமையே வீட்டை நோட்டம் பார்த்திருக்கிறார், புதன்கிழமை வந்திருக்கிறார் என்றார். மாஜிஸ்ட்ரேட் தனக்கு அதிகாரம் உள்ள அளவுக்கு, மூன்று வருடம், தண்டனை கொடுத்தார். மண்டைப் படம் உள்ள வழக்குகளில் மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கும் வழக்கம் இல்லை. பொங்கியண்ணனை அன்றே கூட்டிப் போனார்கள். போகும்போது அவர் மனைவி வசந்தாமணி அவருக்குக் கொண்டுவந்திருந்த சாப்பாட்டுப் பாத்திரம் அப்படியே அவள் மடியில் இருந்தது.

மேல்முறையீட்டுக்கு மனுப் போட்ட பிறகுதான் சோதனையின் முழு அறிக்கை கைக்கு வந்தது. நூற்றுப்பத்துப் பக்கம். தாழ்ப்பாளைத் தொடும் கணத்தில் அவர் மனக்கண்ணில் இருந்தது எது என்று கருவி வரைந்து காட்டியிருந்தது. காசுமாலை. திறந்த பெட்டி. டீப்பாய்.

ஹெப்சிபா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீப்பாயின் மேல் திறந்த பெட்டியில் அந்த மாலை இருப்பது, வெளியே சந்தில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சோதனையை நடத்திய டாக்டர் பார்கவியைத் தேடிப் போனாள். அவர் முதலில் பேச விரும்பவில்லை. பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கருவி பொய் சொல்லல" என்றார். "அவர் மனசுல இப்ப என்ன நினைவு இருக்கோ, அதை அப்படியே படிச்சிருக்கு. நாம ஒண்ணை நினைச்சுப் பார்க்கறப்பல்லாம் அதைப் புதுசா செய்யறோம் மேடம். செஞ்சு திரும்ப வைக்கறோம். அந்த நேரத்துல பக்கத்துல என்ன இருக்கோ அதுவும் சேர்ந்து உள்ள போயிடும். திருடணும்னு நினைச்சியான்னு எத்தனை தடவை அவர்கிட்ட கேட்டிருப்பாங்க?"

"போலீஸ்ல ரெண்டு நாள் கேட்டாங்க."

"நீங்க?"

ஹெப்சிபா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு நாள், ஒவ்வொரு நாளும் பல முறை. கம்பி, கை, தாழ்ப்பாள், மாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவளே அடுக்கிக் கொடுத்திருக்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் பார்த்திருக்கிறார்.

"இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?"

"சொன்னா இதுவரைக்கும் உள்ள போன அத்தனை பேர் கேஸையும் திறக்கணும்" என்றார் பார்கவி. சொல்வேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. கடைசியில் வரவில்லை.

அவர் சாட்சி இல்லாமலே வழக்கு ஜெயித்தது. காசுமாலை எப்போது வீட்டுக்கு வந்தது என்று கீழ்க்கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. செஷன்ஸ் நீதிபதியிடம் அனுமதி வாங்கி ஹெப்சிபா ஸ்ரீதரனின் மனைவியைக் கூண்டில் ஏற்றினாள். அந்த அம்மாள் மறைக்கவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்காகப் புதன்கிழமை காலையில்தான் பேங்க் லாக்கரிலிருந்து எடுத்து வந்ததாகவும், சேலைக்குப் பொருந்தவில்லை என்று அவசரத்தில் டீப்பாயிலேயே விட்டுப் போனதாகவும் சொன்னார். லாக்கர் பதிவேட்டிலும் அந்தத் தேதி இருந்தது. திங்கட்கிழமை அந்த வீட்டில் இல்லாத ஒரு மாலையை எடுக்கும் எண்ணத்தோடு புதன்கிழமை ஒருவர் தாழ்ப்பாளை நீக்கியிருக்க முடியாது. நீதிபதி பொங்கியண்ணனை விடுதலை செய்தார். கருவியைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. அதற்குள் பதினான்கு மாதம் ஓடியிருந்தது.

செய்தியைச் சொல்ல ஹெப்சிபாவே சிறைக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் இளைத்து, தாடியோடு இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தப்பான தீர்ப்புங்க மேடம்" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நான் நெனச்சேனுங்க. தாழ்ப்பாள்ல கை வெக்கறப்பவே அந்த மாலை கண்ணு முன்னாடி இருந்துச்சு. எடுத்துட்டுப் போயிறலாம்னுதான் உள்ள போனேன். கடைசியில தைரியம் வரல, அவ்வளவுதானுங்க."

லாக்கரைப் பற்றி மறுபடி சொன்னாள். அந்த மாலை அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்றாள். அவர் தலையாட்டினார்.

"அதெல்லாம் சரிங்க. ஆனா எனக்கு ஞாபகம் இருக்குதுங்களே."

"அந்த ஞாபகத்தை நான்தான் உங்க மனசுல போட்டேன் பொங்கியண்ணன். கேட்டுக் கேட்டு நான்தான் போட்டேன்."

அவருக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. "நீங்க நல்லதுக்குத்தான கேட்டீங்க. உள்ள இருந்ததைத்தான் வெளிய எடுத்தீங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க மேடம்" என்று ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்த இரண்டாவது வாரம் பொங்கியண்ணன் ஸ்ரீதரன் வீட்டுக்குப் போனார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஸ்ரீதரன் ஹெப்சிபாவுக்குப் போன் செய்து, அவனே ஒத்துக்கொள்கிறான், என் மனைவியைக் கூண்டில் ஏற்றி எங்களை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்றார். அவள் விளக்க ஆரம்பித்தபோது அவர் போனை வைத்துவிட்டார். குடியிருப்பு முழுவதும் செய்தி பரவியது. விடுதலைத் தீர்ப்பின் நகலை வசந்தாமணி மடித்துப் பையில் வைத்திருந்தாள், ஆனால் காட்ட ஆள் இல்லை. அவள் ஆள்பிடித்து வாங்கிக் கொடுத்த ஃபில்டர் வேலைகளுக்கு அவரே போகவில்லை. தன் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்த் தெருவிலேயே நின்றிருக்கிறார். உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தும் படி ஏறவில்லை.

ஒரு மத்தியானம் வசந்தாமணி அலுவலகத்துக்கு வந்தாள். நூற்பாலையில் வேலை செய்கிறவள், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வக்கீலம்மா, என்ற வீட்டுக்காரர் திருடத்தான் போனாருங்களா?"

"இல்லை."

"அவரு போனேங்கறாரு. நீங்க இல்லேங்கறீங்க. நான் யாரை நம்பறதுங்க?"

கைதான அன்றே, யாரும் எதையும் ஊட்டுவதற்கு முன்னால், அவர் சொன்னதை ஹெப்சிபா குறித்து வைத்திருந்தாள். அதை எடுத்து வாசித்துக் காட்டினாள். தண்ணீர் சத்தம், வால்வு, பயம். வசந்தாமணி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

டாக்டர் பார்கவியிடம் ஹெப்சிபா மறுபடி கேட்டபோது, அந்தப் பொய் நினைவை வந்த வழியிலேயேதான் திருப்பி அனுப்ப முடியும் என்றார் அவர். தினமும் அந்தத் தண்ணீர் சத்தத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். ஆனால் என்ன வந்து உட்காரும் என்று தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். ஹெப்சிபா பல நாள் யோசித்தாள். மறுபடியும் ஒரு மனிதனின் தலைக்குள் கை வைப்பதா என்று இருந்தது. பிறகு வசந்தாமணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். தண்ணீரைப் பற்றி மட்டும் கேளுங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். பொங்கியண்ணன் முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். தயங்காமல் படியேறி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் கருவிப்பை இருந்தது. மறுபடி வேலைக்குப் போகிறாராம். இந்தப் பக்கம் வந்தோம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் நிசமுங்க மேடம். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. இப்ப எல்லாம் தெளிவா ஞாபகம் வந்துருச்சு."

ஹெப்சிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தண்ணி சத்தம் கேட்டுச்சுல்ல?"

"தண்ணியுங்களா?" அவர் குழப்பமாகப் பார்த்தார். "இல்லீங்க. உள்ள ஒரு கொழந்த அழுதுட்டு இருந்துச்சு. கதவு சாத்தியிருக்குது, பெரியவங்க யாரும் இல்ல. விக்கி விக்கி அழுவுது. மனசு கேக்காமத்தான் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்குனேன். தூக்கி வெச்சுட்டு ஹால்ல கொஞ்ச நேரம் நின்னேன். அதைத்தான் கேமராவுல பார்த்துருக்காங்க."

ஸ்ரீதரன் வீட்டில் குழந்தை கிடையாது. ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான்.

ஹெப்சிபா வசந்தாமணியைப் பார்த்தாள். அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அலுவலக ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக வருவதாக யாரோ சொன்னதைக் கேட்டுப் பொங்கியண்ணன் எழுந்து உள்ளே போனார்.

"தண்ணின்னுதானுங்க ரெண்டு மாசம் கேட்டேன்" என்றாள் வசந்தாமணி, குரலைத் தாழ்த்தி. "அவருக்கு ஒப்பல. ஒரு கொழாய்க்காக எவனாச்சும் அடுத்தவன் ஊட்டுக்குள்ள போவானா, நான் திருடத்தான் போனேன்னு அழுதாரு. சோறு எறங்கல. ஒரு நாள் என்னையும் அறியாம, கொழந்த அழுதுச்சான்னு கேட்டுப்போட்டேன். அதை மட்டும் புடிச்சுக்கிட்டாரு. இப்பத்தானுங்க தூங்கறாரு."

பன்னிரண்டு நாள் ஹெப்சிபா செய்ததை இவள் ஆறு மாதம் செய்திருக்கிறாள். எதைச் சொல்லி இவளைக் கண்டிப்பது? அந்தப் புதன்கிழமை மதியம் உண்மையில் என்ன நடந்தது என்பது இப்போது யாருடைய தலைக்குள்ளும் இல்லை. அவளுடைய கையெழுத்தில், ஒரு பழைய கோப்பில் மட்டும் இருக்கிறது.

பொங்கியண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். ஃபில்டரில் அடைப்பு, சரி செய்துவிட்டேன் என்றார். கிளம்புவதற்காகப் பையைத் தோளில் மாட்டியவர் வாசலில் நின்றார்.

"மேடம், அந்தக் கொழந்தையைப் பத்தி ஏதாச்சும் தெரியுமுங்களா? ஒரு தடவை பார்க்கணும்னு இருக்குது. அந்த ஊட்டுக்காரங்க கிட்டப் போய்க் கேக்கச் சங்கடமா இருக்குதுங்க."

வசந்தாமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள் ஹெப்சிபா. "இந்த வருஷந்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்காங்க."